நிறுத்திப் பிடிப்பதும் ஓடவிட்டுப் பிடிப்பதும்

1. ஓட்டை வள்ளம்

விடத்தல்தீவில் என் முதல் வேலைநாள் ஒரு சண்டையோடு தொடங்கியது. சண்டை பிடித்தவர் யேசுதாசன் என்ற கடற்றொழிலாளி. சண்டைக்குக் காரணம், எங்கள் லொறியிலிருந்து அப்போதுதான் இறக்கிய மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் கயாக்குகள்.

யுத்தம் முடிந்து சனம் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்குக் கூரை இல்லை, தொழிலுக்கு வள்ளம் இல்லை. நான் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். நறுவிலிக்குளத்து வயல்காரர் ஒருவரின் மகள். பயிரின் நிறத்தைப் பார்த்து என்ன உரம் குறைவு என்று சொல்லிவிடுவேன். கடலைப் பற்றியோ, மீன்காரரின் பெட்டியைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டவளைப் பிடித்துக் கடற்கரைக்கு அனுப்புவதுதான் கந்தோர்களின் குணம். இதை வாசிக்கும் இளையவர்கள் மனம் தளர வேண்டாம். உங்களையும் ஒருநாள் அப்படித்தான் அனுப்புவார்கள்.

கயாக் என்பது ஒருவர் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் வலிக்கும் சின்ன வள்ளம். தெற்கில் ஏதோ ஒரு கடற்கரை விடுதி உல்லாசப் பயணிகளுக்காக வைத்திருந்து, பழசானதும் கழித்துவிட்டது. எங்கள் கொழும்புக் கந்தோர் இணைப்பாளர் அவற்றை வாங்கிவந்தார். மட்டக்களப்புக்காரர், நல்ல மனிதர். பெரிய வள்ளத்தைத் தள்ளிக் கடலில் இறக்க நாலு ஆள் வேண்டும், அதில் எழும்பி நின்றுதான் வேலை செய்ய வேண்டும். கயாக்கில் உட்கார்ந்தபடியே போய், உட்கார்ந்தபடியே தூண்டில் போட்டு, உட்கார்ந்தபடியே திரும்பலாம். ஆகவே யுத்தத்தில் காயப்பட்ட தொழிலாளர்களுக்கு அது பொருந்தும் என்று அவர் நினைத்தார். நினைத்ததில் பிழை இல்லை.

யேசுதாசனுக்கு இடது கால் தொடைக்குக் கீழே இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஷெல் பட்டு அது போனது. ஊன்றுகோலை மணலில் குத்தி நிறுத்திவிட்டு, கயாக்கின் விளிம்பைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி அதைச் சுற்றிவந்தார். இருக்கைக் குழியின் அடியில் விரல் போகிற அளவில் நாலைந்து துளைகள் இருந்தன. ஒன்றினுள்ளே விரலை விட்டார். விரல் மறுபக்கத்தால் வெளியே வந்தது.

"மிஸ், இது வள்ளமோ அரிதட்டோ?" என்று கேட்டார்.

கூட நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த விளக்கத் தாளைப் பார்த்து வாசித்தேன். கயாக்கின் உடல் முழுவதும் மூடிய கூடு. அலை அடித்து இருக்கைக் குழிக்குள் விழும் தண்ணீர் அந்தத் துளைகளின் வழியே கடலுக்கே வடிந்துவிடும். துளை கூட்டுக்குள் திறப்பதில்லை, குழாய் மாதிரி மேலிருந்து கீழே நேரே போகிறது. வாசித்து முடித்தபோது ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் இல்லை.

"ஓட்டை வள்ளத்தில தொழிலுக்குப் போனவன் எண்டு ஊர் என்னைப் பகிடி பண்ணும். கால் போனது காணும், மானமும் போக வேண்டாம்" என்றார் யேசுதாசன்.

அடுத்த நாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது அவருடைய கயாக்கில் ஒரு துளையும் இல்லை. பழைய சீலைத் துண்டைத் திரித்து உள்ளே இறுக்கி, மேலே குங்கிலியம் உருக்கி ஊற்றி, மட்டமாக வழித்து விட்டிருந்தார். மரவள்ளத்தின் இடுக்குகளை அப்படித்தான் காலங்காலமாக அடைப்பார்கள். அதில் அவர் கைகாரர். மற்றவர்களும் தங்கள் கயாக்குகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்து வரிசையில் நின்றார்கள். வேலை அவ்வளவு சுத்தமாக இருந்தது, எனக்குத் தடுக்க வாய் வரவில்லை.

கயாக்கைத் தண்ணீரில் இறக்கி ஏறி உட்கார்ந்ததும் அது வலது பக்கம் சரிந்தது. இடது காலின் பாரம் இல்லையல்லவா. மூன்று தரம் கவிழ்ந்து, மூன்று தரமும் தூசணத்தோடு எழும்பினார். பிறகு கரைக்கு வந்து ஒரு பையில் மண் அள்ளிக் கட்டி, இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். கயாக் மட்டமாக நின்றது.

"இதுதான் இனி என்ர கால் மிஸ். ஷெல்லுக்கும் பயப்படாது" என்றார்.

நான் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது சிரிக்கிற விசயமா என்று யோசித்தேன். அவர் சிரிக்கத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

2. ரெஜினாவின் நிபந்தனை

யேசுதாசனின் மனைவி ரெஜினா. யேசுதாசன் கயாக்கில் தொழிலுக்குப் போகுமுன் அவவைச் சமாளிக்க நான் பட்ட பாட்டில் பாதியை வயலில் பட்டிருந்தால் இரண்டு போகம் விளைந்திருக்கும்.

அவவுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னக் கடை. சீனி, தேயிலை, சவுக்காரம் விற்றுக்கொண்டு புருசன் கதிரையில் இருந்தால் போதும் என்றா. கடலுக்கு மட்டும் வேண்டாம். காரணத்தை முதலில் சொல்லவில்லை. இரண்டாம் தரம் போனபோது பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னா. யேசுதாசன் காயப்பட்டபோது, காயக்காரரை ஏற்றிப்போன கப்பலில் அவரை ஏற்றினார்கள். கூடப் போக இவவை விடவில்லை. கப்பல் சிறிதாகி, புள்ளியாகி, மறையும்வரை கரையில் நின்று பார்த்திருக்கிறா. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய மாதக்கணக்கு ஆனது. முகாமில் யாரையோ விசாரிக்கப்போய்த்தான் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்தது.

"கடலில ஒருக்கா அவர் என்ர கண்ணுக்கு மறைஞ்சது போதும் மிஸ். இன்னொருக்கா என்னால ஏலாது."

தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். எழும்பி வந்துவிட்டேன்.

ஆனால் யேசுதாசன் விடவில்லை. கதிரையில் இருந்து சவுக்காரம் விற்கிற ஆள் நானில்லை என்று இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தார். கடைசியில் ரெஜினா இறங்கிவந்தா, ஒரு நிபந்தனையோடு. கரையில் நிற்கிற பூவரசடியில் இருந்து பார்த்தால் மஞ்சள் கயாக் தெரிய வேண்டும். தெரிகிற தூரத்தில் ஓரிடத்தில் கட்டி நிறுத்தித்தான் தூண்டில் போட வேண்டும். ஒருநாள் மறைந்தாலும் கயாக்கைக் கோடரியால் கொத்திப்போடுவேன் என்றா. சொன்னால் செய்கிற ஆள்.

இங்கே தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கயாக்கில் தூண்டில் போட இரண்டு வழி உண்டு. ஒன்று, நிறுத்திப் பிடிப்பது. நங்கூரம் போட்டோ கட்டியோ ஓரிடத்தில் நின்று, மீன் வருமட்டும் காத்திருப்பது. மற்றது, ஓடவிட்டுப் பிடிப்பது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மேற்பக்கமாக வலித்துப் போய், பிறகு துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கயாக்கை அதன் போக்கில் விடுவது. வள்ளம் நகர நகர இரையும் அடியில் நகரும், மீன் இருக்கிற இடத்தை அது தானே தேடிப் போகும். ஓடி முடிந்ததும் மறுபடி மேலே வலித்துப் போய்த் திரும்பவும் விடலாம்.

விடத்தல்தீவுக் கடல் கரையிலிருந்து நெடுந்தூரம் ஆழமில்லாத கடல். நங்கூரம் என்று தனியாக ஒன்றை அங்கே சின்ன வள்ளக்காரர் வைத்திருப்பதில்லை. அடியில் குத்தி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிற நீளக் கம்பையே சேற்றில் ஊன்றி, வள்ளத்தை அதில் கட்டிவிடுவார்கள். யேசுதாசனும் அப்படித்தான் செய்தார். பெரிய வள்ளமென்றால் அணியத்தில், அதாவது முன்முனையில், போய்க் கட்டலாம். கயாக்கில் ஒற்றைக் காலோடு முன்னுக்குத் தவழ்ந்து போனால் கவிழும். ஆகவே கை எட்டுகிற இடத்தில், தன் இடுப்புக்குப் பக்கத்தில், நடுவில் கட்டினார். பெரிய வள்ளத்தை எங்கே கட்டினாலும் அது தாங்கும். அந்தப் பழக்கத்தில் கயாக்கையும் எல்லோரும் அப்படியே கட்டினார்கள்.

அவருக்குக் கிடைத்ததெல்லாம் கெளிறும் சின்ன ஓராவும்தான். விளைமீனும் பாரையும் அந்த எல்லைக்கு வெளியே, சாதாளை என்று அவர்கள் சொல்லும் கடற்புல் முடிந்து ஆழம் இறங்குகிற விளிம்பில் நின்றன. அங்கே போய் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். அங்கே போனால் பூவரசடியிலிருந்து தெரியாது.

"கட்டின மாடு மாதிரி இருக்கிறன் மிஸ். கயிறு எட்டுற இடத்துப் புல்லு எல்லாம் முடிஞ்சுது" என்றார் ஒருநாள்.

ரெஜினாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். அவ கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தா. கத்தியை வைக்காமலே, கெளிற்றுக் குழம்பும் சோற்றோடு சேரும்தானே என்றா. இரண்டு பேரிலும் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது, அதுதான் எனக்கு வந்த கரைச்சல்.

3. வாடை எழும்பிய காலை

வாடைக்காற்று தொடங்குகிற பருவம். அன்று விடிய கடல் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடந்தது. யேசுதாசன் நேவிப் பொயின்ற் என்ற கடற்படைக் காவலரணில் பெயர் பதிந்துவிட்டு, ரெஜினா அனுமதித்த எல்லையின் கடைசிக்குப் போய்க் கம்பை ஊன்றிக் கட்டினார். நான் வேறு வேலையாகக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடத்துக்கு வந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் தொங்கவிட்டிருந்த சாக்கு படபடத்தது. வெளியே வந்தபோது வடகிழக்கிலிருந்து காற்று முழுதாக எழும்பியிருந்தது.

பூவரசடியில் ரெஜினா நின்றா. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் மஞ்சள் கயாக் கட்டின ஆடு மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. நடுவில் கட்டியிருந்ததால் அது அலைக்கு முகம் கொடுக்கவில்லை, முழு விலாவையும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலையும் மேலேறி விழுந்தது. கட்டாமல் இருந்திருந்தால் அலையோடு எழும்பி இறங்கியிருக்கும். கயிறு ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்திருந்ததால் எழும்ப முடியவில்லை. துளைகளை அடைத்திருந்ததால் விழுந்த தண்ணீர் வடியவும் வழியில்லை. அதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கியது. அப்போது தெரிந்தது, கயாக் வரவரத் தாழ்கிறது என்பது மட்டும்தான்.

"அவிழ்க்கச் சொல்லுங்கோ" என்றா ரெஜினா. யாருக்குச் சொன்னாவோ தெரியாது. அவ்வளவு தூரத்துக்கு யாருடைய குரலும் போகாது.

பிறகு ஓர் அலை வந்தது. அது தாண்டிப் போனபின் பார்த்தால் கம்பு மட்டும் நின்றது. மஞ்சள் நிறம் எங்கேயும் இல்லை.

ரெஜினா கத்தவில்லை. மணலில் இருந்துவிட்டா. கழுத்திலிருந்த செபமாலையைக் கையில் எடுத்தா, ஆனால் உதடு அசையவில்லை. பக்கத்தில் இருந்து அவவின் முதுகில் கை வைத்தேன். முதுகு கல் மாதிரி இருந்தது.

அப்போது ஊரில் எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளம் ஒன்றுதான் ஓடக்கூடிய நிலையில் இருந்தது. சங்கத்து ஆட்கள் அதில் ஓடினார்கள். கம்படிக்குப் போய், காற்றுப் போகும் திசையில் நெடுநேரம் தேடினார்கள். கடல் முழுக்க வெள்ளை நுரை, ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் முடியும் தறுவாயில் திரும்பி வந்தார்கள். வள்ளத்திலிருந்து இறங்கிய சங்கத் தலைவர் ரெஜினாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் ஒரு துண்டுக் கயிறு வைத்திருந்தார். கம்பில் மிஞ்சியிருந்தது என்றார்.

ரெஜினா எழும்பிப் போய் அந்தக் கயிற்றை வாங்கினா. நுனியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. விரலால் தடவினா. அவவும் கடற்றொழில் வீட்டில் பிறந்தவதான்.

"இது அறுந்ததில்ல. அறுந்தா நார் பிரிஞ்சிருக்கும். கத்தியால வெட்டினது" என்றா. பிறகு தலைவரைப் பார்த்து, "அவர்தான் வெட்டியிருக்கிறார். வெட்டேக்க உயிரோட இருந்திருக்கிறார்" என்றா.

அதற்குப் பிறகுதான் அழுதா. நானும் அழுதேன். உத்தியோகத்தர் அழக்கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள், நீங்களும் குறித்துவைத்திருப்பீர்கள். அந்த மணலில் இருந்து பார்த்தபின் கதைப்போம்.

சூரியன் சாய்கிற நேரத்தில் தலைவரின் கைத்தொலைபேசி அடித்தது. மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயிலிருந்து. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு மஞ்சள் வள்ளத்தையும் ஒற்றைக்கால் மனிதர் ஒருவரையும் கரைசேர்த்திருப்பதாகவும், ஆள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்கள்.

எங்கள் திட்ட வாகனத்தில் ரெஜினாவை ஏற்றிக்கொண்டு, கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியால் தீவுக்குப் போனேன். வழி முழுக்க அவ அந்தக் கயிற்றுத் துண்டை மடியில் வைத்திருந்தா. ஓலைத்தொடுவாய்க் கரையில் யேசுதாசன் யாரோ கொடுத்த சாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒரு கவிழ்த்த வள்ளத்தில் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது, உள்ளங்கை உரிந்திருந்தது. இவவைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், ஊன்றுகோல் இல்லாததால் முடியவில்லை. ரெஜினா முன்னால் போய் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தா.

"உங்கட சாரம் எங்க?" என்றா.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். தண்ணீர் நிறைந்து தாழத் தொடங்கியதும் கத்தியால் கயிற்றை வெட்டினாராம். அடுத்ததாக இருக்கைக் குழியின் குங்கிலிய அடைப்பைக் கொத்திக் கிளப்பினாராம். தண்ணீர் சளசளவென்று வடிந்து வள்ளம் மிதப்பெடுத்ததாம். காற்றை எதிர்த்து வலிக்க முடியாதென்று தெரிந்ததும் எதிர்க்கவேயில்லை. ஆனால் காற்று கண்டபடி இழுத்துக்கொண்டு ஓடியது. அப்போது சாரத்தை உரிந்து, ஒரு வாயைக் கட்டி, மறுவாயைக் கயிற்றால் இரண்டு பக்கமும் பிணைத்துப் பின்னால் கடலில் போட்டாராம். சாரம் தண்ணீர் குடித்துப் பை மாதிரி உப்பி, வள்ளத்தைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. அதன்பின் கயாக் திரும்பாமல், துள்ளாமல், மெல்ல மெல்லக் காற்றின் திசையில் போயிருக்கிறது. இந்தக் கரைக்குக் கிட்ட வரும்போது சாரம் கிழிந்து போய்விட்டது.

கரைவலைக்காரர் ஒருவர் அந்த நேரம் பார்த்து ஒரு கோர்வை மீனைக் கொண்டுவந்து கீழே வைத்தார். நாலு விளைமீன், ஒரு நல்ல பாரை. அண்ணனின்ர மீன் என்றார்.

ரெஜினா மீனைப் பார்த்தா. புருசனைப் பார்த்தா.

"அது... வள்ளம் சோக்காப் போய்க்கொண்டிருந்தது. சும்மா இருக்கிறதேன் எண்டு தூண்டிலைப் போட்டனான்" என்றார் யேசுதாசன்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றேன். பின்னால் ரெஜினா அவரைப் பேசத் தொடங்கினா. விசர், மூளை கெட்டது, சாகப்போற நேரத்திலும் மீன் ஆசை என்று ஒரு மூச்சுக்குப் பேசினா. பேசிக்கொண்டே தன் சேலைத் தலைப்பால் அவருடைய முகத்து உப்பைத் துடைத்தா.

4. தறப்பாள்

மூன்றாம் நாள் இணைப்பாளர் நேரில் வந்தார். பூவரசடியில் கூட்டம். கயாக்குகளைத் திருப்பி எடுப்பதாகத்தான் அவருடைய முடிவு. அவர் அதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை. ஓர் உயிர் போயிருந்தால் தன்னால் நித்திரை கொள்ள முடிந்திருக்காது என்றார். காயப்பட்ட மனிதர்களை மறுபடியும் ஆபத்தில் தள்ள இந்தத் திட்டம் வரவில்லை என்றார். சங்கத் தலைவரும் தலையாட்டினார். யேசுதாசன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையும் சவுக்காரமும் அவருடைய கண்முன் வந்திருக்கும்.

கடைசியாக, வீட்டுக்காரர் என்ற முறையில் ரெஜினாவிடம் ஒரு வார்த்தை கேட்டார் இணைப்பாளர். அவ என்ன சொல்வா என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைத்தோம்.

அவ எழும்பி நின்றா.

"சேர், கட்டி வைக்கச் சொன்னது நான்தான். கட்டி வைச்சதில தாழப் பாத்ததையும் என்ர கண்ணாலதான் கண்டனான். அவிட்டு விட்டபடியால்தான் இவர் இண்டைக்கு இதில இருக்கிறார். எடுக்க வேண்டாம் சேர். ஓடட்டும். மெல்ல ஓடட்டும்."

யேசுதாசன் தலை நிமிர்ந்து அவவைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

இணைப்பாளர் சேர்ட்டுக் கையை மடித்துக்கொண்டு, சரி, எப்படி மெல்ல ஓடவிடுவது என்று காட்டுங்கள் என்றார். அன்று பின்னேரம் வரை அவர் கொழும்புக்குத் திரும்பவில்லை, எங்களோடு மணலில் இருந்தார்.

முதலில் எல்லாக் கயாக்கின் குங்கிலியத்தையும் கொத்தி எடுத்தோம். அதை யேசுதாசனே செய்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சோடு. இரண்டாவதாகக் கட்டுகிற முறை. கயாக்கின் பக்கவாட்டில் முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொரு சின்னக் கப்பி பூட்டி, அவற்றுக்கு ஊடாகக் கயிற்றை வளையமாக ஓட்டினோம். கயிற்றில் ஓர் இரும்பு வளையம். கம்பில் கட்டுகிற கயிற்றை அந்த வளையத்துக்குள்ளால் விட்டு, கப்பிக் கயிற்றை இழுத்தால், இருந்த இடத்திலிருந்தே கட்டு முன்முனைக்குப் போய்விடும். வள்ளம் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். கம்பில் கட்டுகிற கயிற்றின் கடைசியில் ஒரு வெற்றுப் பிளாஸ்ரிக் கான் கட்டினோம். ஏதும் ஆபத்தென்றால் கத்தி தேட வேண்டியதில்லை. கயிற்றையும் கானையும் கடலில் போட்டுவிட்டுப் போகலாம். கான் மிதக்கும், பிறகு வந்து எடுக்கலாம்.

மூன்றாவது ரெஜினாவின் வேலை. அவர்கள் குடிசையில் கூரையாகக் கிடந்த நிவாரணத் தறப்பாள் ஒன்று, தகரம் போட்டபின் மடித்து வைத்திருந்தது. அதை வெட்டி, யேசுதாசன் விவரித்த சாரத்தின் மாதிரியில், ஒரு வாய் அகலமாகவும் மறுவாய் ஒடுங்கியும் ஒரு பை தைத்தா. ஒடுங்கின வாயை முழுக்க மூடாமல் தண்ணீர் கொஞ்சம் வெளியேற விட்டா. இரண்டு தரம் பிரித்துத் தைத்தா. முதற்பை கயாக்கை நிறுத்தியே விட்டது, இரண்டாவது ஒரு பக்கம் இழுத்தது. மூன்றாவது சரியாக இருந்தது. அதைப் பின்னால் போட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் கயாக் ஆள் நடக்கிற வேகத்தில் போகும். தூண்டில் ஈயம் கடலடியை விட்டு எழும்பாது, இரை மீனின் முன்னால் நிற்கும். மற்றவர்களின் மனைவிமாரும் வந்து பை கேட்டார்கள். தறப்பாள் உள்ள வீட்டில் தறப்பாள், இல்லாத வீட்டில் உரப்பை.

நிறுத்திப் பிடிப்பது நல்லதா ஓடவிட்டுப் பிடிப்பது நல்லதா என்று பிற்காலத்தில் வேறு மாவட்டங்களிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்பார்கள். கடல் அமைதியாக இருந்து, மீன் ஓரிடத்தில் கூடி நிற்கிறதென்று தெரிந்தால் நிறுத்து. மீன் எங்கே என்று தெரியாவிட்டால் ஓடவிடு. நிறுத்துவதானால் இருந்த இடத்திலிருந்தே கழற்றக்கூடிய மாதிரிக் கட்டு. ஓடவிடுவதானால் திரும்பி வலிக்கக் கையில் பலம் மிச்சம் வைத்துக்கொண்டு விடு. வாடை நாளில் இரண்டும் வேண்டாம், வீட்டில் இரு. இவ்வளவும் தொழில். நான் படித்த பாடம் இன்னொன்றும் உண்டு. ஒருவருக்கு வள்ளம் கொடுக்கப் போனால், கரையில் நிற்கப்போகிறவரிடம் முதலில் போய் இருந்து, அவர் ஊற்றித் தருகிற தேத்தண்ணியைக் குடித்து, எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். பயத்துக்கும் சேர்த்துத்தான் வள்ளத்தில் இடம் ஒதுக்க வேண்டும்.

வாடை ஓய்ந்தபின் முதல் நாள் யேசுதாசன் சாதாளை விளிம்புக்குப் போனார். நான் வேண்டுமென்றே விடிய வந்து பூவரசடியில் நின்றேன். ரெஜினாவும் வந்தா. மஞ்சள் கயாக் வழமையாகக் கம்பு ஊன்றுகிற இடத்தைத் தாண்டியது. பழக்கமில்லாத இடத்தில் அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது. ரெஜினாவின் கை கழுத்துச் செபமாலைக்குப் போனது. கயாக் புள்ளியாவதற்கு முன், இன்னும் நன்றாகத் தெரிகிறபோதே, அவ கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினா.

"இன்னும் தெரியுது ரெஜினா" என்றேன்.

"தெரியட்டும் மிஸ். மறையிறதை நான் பாக்கப் போறேல்ல. வாறதைப் பாக்கிறன்" என்றுவிட்டு, உலை வைக்க வீட்டுக்கு நடந்தா.